ஒரே மருந்து, இரண்டு முடிவுகள்: கிளைபோசேட் தெளித்த ஒரு பள்ளிப் பணியாளரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி: வேலையும் மருந்தும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் ஒரு சிறு நகரம். அங்குள்ள அரசுப் பள்ளிகளின் நிர்வாகம் 2012-ல் மைதானப் பராமரிப்புக்கு ஒருவரை வேலைக்கு எடுத்தது. அப்போது அவருக்கு வயது 40 இருக்கும். பள்ளி வளாகங்களில் எலி, பூச்சி, களை மூன்றையும் கட்டுப்படுத்துவது அவர் பொறுப்பு. பிள்ளைகள் வருமுன் அதிகாலையில் வேலையைத் தொடங்குவார். நடைபாதை விரிசல், வேலியோரம், மைதான ஓரம், சரிவு என்று களை முளைக்கும் இடமெல்லாம் ஆண்டுக்கு 20 தடவைக்கு மேல் மருந்து அடித்தார். சிறிய இடத்துக்கு முதுகுத் தெளிப்பான். பெரிய இடத்துக்கு வண்டியில் பொருத்திய 50 கேலன் டேங்க், அதாவது ஏறத்தாழ 190 லிட்டர்.

அவர் அடித்தது கிளைபோசேட். நம் ஊர் உரக்கடைகளிலும் 41 சதவீதக் கரைசலாக விற்ற அதே சரக்குதான். மான்சான்டோ நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் 1970-ல் இதன் களைக்கொல்லித் திறனைக் கண்டறிந்தார். 1974-ல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இலையில் பட்டால் உள்ளே இறங்கி வேர்வரை போகும். சில அமினோ அமிலங்களைச் செடி தயாரித்துக்கொள்ளும் ஷிகிமேட் பாதையில் ஒரு நொதியை அடைத்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் செடி மஞ்சளாகிக் காயும். மனிதருக்கும் விலங்குக்கும் அந்தப் பாதையே கிடையாது. ‘இது செடியைத்தான் கொல்லும், நம்மை ஒன்றும் செய்யாது’ என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டதற்கு இதுவே அடிப்படை. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் களையைக் கொல்லும் அதே வழியில்தான் ஒரு பொருள் மனித உயிரணுவையும் சீண்ட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேனில் 41 சதவீதம்தான் கிளைபோசேட் உப்பு. மீதி 59 சதவீதம் லேபிளில் ‘பிற பொருட்கள்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அதில் தண்ணீரும் உண்டு, மெழுகுப் பூச்சுள்ள இலையில் மருந்து வழுக்காமல் படர்ந்து உள்ளே இறங்கச் செய்யும் சோப்பு வகைப் பொருளும் உண்டு. இலைக்கு அது செய்யும் உதவியைத் தோலுக்கும் செய்யுமா என்ற கேள்வி பின்னால் நீதிமன்றம் வரை போனது.

முன்கதை: 1983-ன் சுண்டெலிகள்

இந்த விஷயத்தில் நிபுணர்கள் முரண்பட்டது 2015-ல்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் முரண்பாடு அதற்கு 30 ஆண்டு முந்தியது.

உரிமத்துக்காக நிறுவனம் கொடுத்த ஆய்வில் சுண்டெலிகளை நான்கு குழுவாகப் பிரித்து இரண்டு ஆண்டு தீவனத்தில் கிளைபோசேட் கலந்து கொடுத்தார்கள். அளவுகள் பூஜ்யம், பத்து லட்சத்தில் 1,000 பங்கு, 5,000 பங்கு, 30,000 பங்கு. கடைசி அளவு என்றால் 100 கிலோ தீவனத்தில் 3 கிலோ மருந்து. குழுவுக்கு 50 ஆண் எலி. சிறுநீரக நுண்குழாயில் கட்டி வந்தவை முறையே 0, 0, 1, 3.

1985-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த நான்கு எண்களை வைத்து கிளைபோசேட்டை ‘சி’ வகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் போட்டது. பிறகு நிறுவனம் அமர்த்திய நோய்க்கூறியல் நிபுணர், நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய திசுச் சில்லுகளை மறுபடி பார்த்து, மருந்தே கொடுக்காத குழுவிலும் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் வரிசை 1, 0, 1, 3. ஒரே ஓர் எலி இடம் மாறியதில் முடிவே தள்ளாடிவிட்டது. முகமையின் சொந்த நிபுணர்கள் அந்தக் கட்டியை ஏற்கவில்லை. திசுவை மறுபடி சீவிப் பார்த்தும் புதிதாக எதுவும் அகப்படவில்லை. 1986-ல் ஆலோசனைக் குழு ‘தரவு போதாது’ என்றது. 1991-ல் ‘புற்றுநோய் உண்டாக்குவதாகச் சான்றில்லை’ என்ற ‘இ’ வகுப்புக்கு மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தின் உறுப்பினர்களிலேயே சிலர் உடன்படவில்லை என்பது கோப்பில் பதிவாகியிருக்கிறது.

2012-ல் நம் பணியாளர் கையில் வந்த லேபிள் அந்த ‘இ’ வகுப்பின் வாரிசு. எச்சரிக்கைச் சொல் மிகக் குறைந்த நிலை. தெளிப்பவர் போட வேண்டியது முழுக்கைச் சட்டை, முழுநீளக் காற்சட்டை, காலுறையுடன் காலணி, அவ்வளவே. புற்றுநோய் பற்றி ஒரு வரியும் இல்லை.

2012–2014: கவனிக்கப்பட்டவை

லேபிள் கேட்டதைவிடக் கூடுதலாகவே அவர் தற்காப்பு செய்துகொண்டார். உடல் முழுக்க வெள்ளை மேலுடை, கையுறை, கண்ணாடி. முகம் மட்டும் முழுவதும் மூடியிருக்காது. காற்று திரும்பும்போது சாரல் முகத்தில் படும். இந்த வகை மேலுடை பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது தூசியையும் லேசான சாரலையும் தடுக்கும். அழுத்தத்தில் பீய்ச்சியடிக்கும் நீரையோ, நின்று ஊறும் நீரையோ தடுக்காது. தையல் வழியே உள்ளே வந்துவிடும். வந்தபின் வெளியே ஆவியாகவும் விடாது, தோலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் வண்டி டேங்கிலிருந்து குழாய் பிய்த்துக்கொண்டது. மருந்து பீய்ச்சியடித்தது. நிறுத்தப் போனவர் உள்ளுடைவரை நனைந்தார். அந்த நனைவு எவ்வளவு என்று அன்று யாரும் அளக்கவில்லை. ஆகவே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

50 கேலன் டேங்குக்கு 1 கேலன் மருந்து என்று 2 சதவீதக் கலவை வைத்துக்கொள்வோம். கேனில் லிட்டருக்குச் சுமார் 356 கிராம் கிளைபோசேட் அமிலம். கலக்கியபின் லிட்டருக்கு 7.1 கிராம். தோலில் 100 மில்லி ஊறினால் 710 மில்லிகிராம். அதில் 1 சதவீதம் உடலுக்குள் போனால் 7.1 மில்லிகிராம், 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெளிப்பவருக்கு நாளொன்றுக்கு ஏற்கத்தக்கது என்று 2015-ல் வைத்த வரம்பும் சரியாக அதே 0.1 தான். நனைந்த சட்டையில் 100 மில்லி என்பது குறைவான மதிப்பீடு. 1 சதவீத உட்புகல் என்பதும் எல்லாரும் ஒத்துக்கொண்ட எண் அல்ல: 1991-ல் குரங்குகளில் அளந்தபோது 0.8 முதல் 2.2 வரை வந்தது. இந்த இரண்டு எண்களில் ஒன்றை இரட்டித்தாலே வரம்பு தாண்டிவிடும். அந்த வரம்பு புற்றுநோயை வைத்து வகுத்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தாண்டினால் புற்று வரும் என்று பொருள் இல்லை. ‘லேபிளைப் பின்பற்றினால் வரம்புக்குள்தான் இருப்பீர்கள்’ என்ற உறுதி, குழாய் பிய்ந்த நாளுக்குச் செல்லாது என்பதை மட்டும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

2014-ல் அவர் தோலில் திட்டுகள் தோன்றின, பரவின. ஆகஸ்டில் நோய் உறுதியானது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் சார்ந்த டி-செல் லிம்போமா. பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை நோயல்ல. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா குடும்பத்தைச் சேர்ந்த நிணநீர்ப் புற்று. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கு மட்டுமே வரும்.

அவர் செய்த முதல் காரியம் கேட்பது. நவம்பர் 2014-ல் தயாரிப்பு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தொலைபேசினார். நனைந்ததையும் நோயையும் சொல்லி, இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டார். மார்ச் 2015-ல் மறுபடி அழைத்தார். திருப்பி அழைப்பு வரவில்லை என்பது அவர் சாட்சியம். இதற்கிடையே தெளிப்பு வேலை சில காலம் தொடர்ந்தது. பதில் தெரியாதவரை நிறுத்திவைப்பது என்ற முடிவை எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை; அதிகாரம் உள்ளவர்களிடம் லேபிள்தான் இருந்தது, அது நிறுத்தச் சொல்லவில்லை.

2015: லியோனும் பார்மாவும்

அவர் இரண்டாம் முறை தொலைபேசிய அதே மாதம், மார்ச் 3 முதல் 10 வரை, பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 11 நாடுகளிலிருந்து 17 நிபுணர்களைக் கூட்டியது. மார்ச் 20-ல் முடிவு வெளியானது: கிளைபோசேட் 2ஏ பிரிவு, ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு மிகுதி’. மனிதரில் சான்று வரையறைக்குட்பட்டது, விலங்கில் போதுமானது, உயிரணு மட்டத்தில் வலுவானது என்று பிரித்துச் சொன்னார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 12-ல், இத்தாலியின் பார்மாவில் இருக்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மனிதருக்குப் புற்றுநோய் அபாயம் விளைவிக்க வாய்ப்பில்லை என்றது. உணவில் மீந்திருக்கும் மருந்து எச்சத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் குழு மே 2016-ல் உணவு வழியாக வாய்ப்பில்லை என்றது. 2016-லும் 2017-லும் அமெரிக்க முகமை, மார்ச் 2017-ல் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை, எல்லாம் பார்மா பக்கம். வேதிப்பொருள் முகமை, கண்ணுக்குக் கடும் பாதிப்பு, நீர்வாழ் உயிருக்கு நஞ்சு என்ற இரண்டை மட்டும் உறுதி செய்தது.

பலர் இதைப் பணத்துக்கும் நேர்மைக்கும் நடந்த சண்டையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பணம் இருந்தது, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் பணமே இல்லாவிட்டாலும் இரு தரப்பும் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்க இடமுண்டு.

கேள்வியே வேறு. லியோன் கேட்டது, எந்த அளவிலாவது இது புற்று உண்டாக்கவல்லதா என்பது. அதே 2ஏ பிரிவில்தான் இரவுப்பணியும் செவ்விறைச்சியும் 65 டிகிரிக்கு மேல் சூடான பானமும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் சான்றின் பலத்தைச் சொல்லும், ஆபத்தின் அளவைச் சொல்லாது. ஆனால் ஐரோப்பிய ஆணையமும் சாத்தியத்தைத்தான், அதாவது புற்று உண்டாக்கவல்லதா என்பதைத்தான், மதிப்பிட்டது என்பதால் ‘ஒருவர் சாத்தியம் பார்த்தார், மற்றவர் ஆபத்து பார்த்தார்’ என்ற வழக்கமான விளக்கம் பாதிக்குத்தான் பொருந்தும்.

பார்த்த பொருள் வேறு. லியோன் பொதுவில் வெளியான ஆய்வுகளை மட்டும் எடுத்தது. கடையில் விற்கும் கலவையைப் பற்றியவையும் அதில் அடக்கம். ஒழுங்குமுறை அமைப்புகள் பெரும்பாலும் தூய கிளைபோசேட்டைப் பார்த்தன. உரிமத்துக்காக நிறுவனங்கள் கொடுத்த, வெளியாகாத ஆய்வுகளும் அவற்றின் மேசையில் இருந்தன. லியோன் ஒரு பெரிய தொகுப்பைக் கைவிட்டது, பார்மா கேனில் இருந்த 59 சதவீதத்தைப் பெரும்பாலும் ஒதுக்கியது. எது பெரிய குறை என்பதில் இன்றும் சண்டை.

எண்ணும் முறையும் வேறு. அதே 1983 சுண்டெலிகளை லியோன் ‘அளவு ஏற ஏறக் கட்டி ஏறுகிறதா’ என்ற போக்குச் சோதனையில் வைத்தது. 0, 0, 1, 3 ஏறுமுகம்தான். மற்ற தரப்பு ஒவ்வொரு குழுவையும் மருந்தில்லாக் குழுவோடு தனித்தனியே ஒப்பிட்டது. 50-ல் 3 என்பது 49-ல் 0-விலிருந்து புள்ளியியல்படி விலகியதாகாது. தவிர, உடல் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிய அளவில் வந்த கட்டிக்கு மதிப்பளிப்பதில்லை என்பது அவர்கள் நடைமுறை. அந்த எலிகள் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் தின்றிருந்தன. இரண்டு முறையும் பாடநூல் முறைதான். வழிகாட்டு நெறிகள் போக்குச் சோதனையை முழுமனதாக ஏற்கும் நிலையில், அதைப் பின்னுக்குத் தள்ளியது பார்மா தரப்பின் பலவீனம் என்பது எங்கள் கருத்து.

மனிதர் ஆய்வுகளுக்கு வருவோம். கனடாவில் 2001-ல், ஆண்டுக்கு 2 நாளுக்கு மேல் தெளித்தவர்களுக்கு இந்த லிம்போமா வாய்ப்பு 2.12 மடங்கு. அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களில் 2003-ல் 2.1. சுவீடனில் 2008-ல் 2.02. மூன்றும் நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கேட்டவை. இதில் உள்ள சிக்கல் தெரிந்ததே: நோய் வந்தவர் ‘எதை அடித்தோம், எப்போது அடித்தோம்’ என்று இரவெல்லாம் துருவியிருப்பார், வராதவருக்குக் கேள்வி வந்தபோதுதான் நினைவே வரும்.

எதிர்ப்பக்கம் நிற்பது அயோவாவிலும் வட கரோலினாவிலும் 1993 முதல் தொடரும் வேளாண் சுகாதார ஆய்வு. நவம்பர் 2017-ல் வெளியான பகுப்பாய்வில் 54,251 தெளிப்பாளர்கள். அவர்களில் 44,932 பேர் கிளைபோசேட் பயன்படுத்தியவர்கள். லிம்போமாவோடு தொடர்பு தெரியவில்லை. மிக அதிகம் பயன்படுத்தியவர்களில் ஒருவகை ரத்தப்புற்று கூடியதுபோல் தெரிந்தது, ஆனால் உறுதிப்படவில்லை. நோய் வருமுன்பே கேட்டு வைத்ததால் நினைவுச் சாய்வு இங்கே இல்லை. குறை வேறு இடத்தில். இரண்டாம் சுற்றுக் கேள்வித்தாளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதில் தரவில்லை, அவர்களின் பயன்பாட்டைக் கணிப்பால் நிரப்பினார்கள். முதல் சுற்று முடியும் தறுவாயில்தான், 1996-ல், கிளைபோசேட் தாங்கும் சோயா வந்து பயன்பாடு எகிறியது. யார் அதிகம் அடித்தார், யார் குறைவாக அடித்தார் என்ற கோடு கலங்கினால், இருக்கும் தொடர்பும் மறைந்துபோகும்.

2016–2018: வழக்கும் எடுத்த முடிவுகளும்

லியோன் அறிக்கை இல்லாமல் வழக்கு இல்லை. ஜனவரி 2016-ல் பணியாளர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். ஆயிரக்கணக்கான பிற வழக்குகளுக்கு முன்னால் அவருடையது எடுக்கப்பட்டதற்குச் சட்டக் காரணம் ஒன்றுதான்: உயிர் பிழைத்திருக்கும் காலம் குறைவானவரின் வழக்கை முந்திக் கேட்கக் கலிபோர்னியா சட்டம் இடம் தருகிறது. அறிவியல் அளவில் மிகப் பலமான வழக்கு என்பதால் அல்ல. சொல்லப்போனால் பலவீனமான அம்சங்கள் இதில் இருந்தன. முதல் தெளிப்புக்கும் நோய்க்கும் நடுவே இரண்டு ஆண்டுதான்; லிம்போமா முளைக்க அதைவிடக் காலம் பிடிக்கும் என்றது எதிர்த்தரப்பு. அவருடைய வகை லிம்போமா மிக அரிது. ஆய்வுகளில் அதற்கெனப் பிரித்துப் பார்க்கப் போதிய எண்ணிக்கை இல்லை. அவர் தரப்பு மருத்துவர்கள் வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி மீந்ததைக் காரணமாக்கினார்கள். பெரும்பாலானோருக்குக் காரணமே தெரியாத நோயில் அப்படி விலக்கிக் கொண்டு வருவது எவ்வளவு நிற்கும் என்பது நியாயமான கேள்வி.

ஜூலை 2018-ல் சான் பிரான்சிஸ்கோ உயர்நிலை நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. ‘மருந்து நோயை உண்டாக்கியதா’ என்பதும் ‘நிறுவனம் எப்படி நடந்துகொண்டது’ என்பதும் ஒரே ஓட்டத்தில் கேட்கப்பட்டன. இப்படிச் சேர்த்துக் கேட்டது விளைவைப் பாதித்திருக்கலாம். ஏனென்றால் நிறுவனத்தின் உள்மடல்கள் ஜூரர்கள் முன்னால் வந்தன. கலவை வடிவத்தில் தேவையான சோதனை செய்யாததால் ரவுண்டப் புற்றுநோய் உண்டாக்காது என்று சொல்ல முடியாது என 2003-ல் நிறுவனத்தின் நச்சியல் நிபுணரே எழுதியிருந்தார். சுயேச்சை நிபுணர்கள் பெயரில் 2000-ல் வெளியாகி, உலகம் முழுக்க ஒழுங்குமுறை அமைப்புகள் மேற்கோள் காட்டிய ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையில் நிறுவன ஊழியர்களின் கை இருந்ததும் அம்பலமானது. எதிர்ப்பக்கமும் மாசில்லாமல் இல்லை: லியோன் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒரு நிபுணர், முடிவு வந்த சில நாட்களில் வழக்குரைஞர் நிறுவனத்தின் ஆலோசகர் ஆனார்.

ஆகஸ்ட் 10, 2018-ல் 12 ஜூரர்களும் எச்சரிக்கத் தவறியதாகவும், தயாரிப்பு அமைப்பே குறையுள்ளது என்றும் முடிவு செய்து, 3.925 கோடி டாலர் இழப்பீடும் 25 கோடி டாலர் தண்டத் தொகையும் விதித்தார்கள். அவர்களுக்கு முன் வைத்த கேள்வி ‘அறிவியல் உலகம் ஒத்துக்கொள்கிறதா’ அல்ல. ‘நோய்க்கு இது கணிசமான காரணியாக இருந்திருக்க வாய்ப்பு, இல்லாதிருக்க வாய்ப்பைவிட அதிகமா’ என்பது. 51க்கு 49 போதும். ஆய்வாளர் கேட்கும் உறுதி அதைவிடப் பல படி மேலே.

பின்விளைவு

அக்டோபரில் விசாரணை நீதிபதி தண்டத்தொகையை இழப்பீட்டுக்குச் சமமாக்கி மொத்தத்தை 7.85 கோடி ஆக்கினார். ஜூலை 20, 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை உறுதி செய்து தொகையை 2.05 கோடி ஆக்கியது. குறைத்த காரணம் கசப்பானது: எதிர்கால வேதனைக்கு ஜூரி கொடுத்த 3.3 கோடி 33 ஆண்டு வாழ்வைக் கணக்கிட்டது, ஆனால் அவர் இன்னும் இரண்டு ஆண்டே இருப்பார் என்றது விசாரணைச் சாட்சியம். ஆகவே 40 லட்சம். ஆயுளைக் குறைத்த நோய்க்கான ஈடு, ஆயுள் குறைந்ததாலேயே குறைந்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் அவர் உயிரோடு இருந்தார்.

அடுத்த வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2019-ல் நடந்தது. அங்கே நீதிபதி விசாரணையை இரண்டாக வெட்டினார். முதலில் நோய்க்காரணம் மட்டும். உள்மடல்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்துக்குத்தான். அப்படிப் பிரித்தபோதும் ஜூரி நோயாளி பக்கமே நின்றது. நிறுவனத்தை ஜூன் 2018-ல் வாங்கியிருந்த பேயர், ஜூன் 2020-ல் 1,090 கோடி டாலர்வரை ஒதுக்கிப் பெரும்பாலான வழக்குகளை முடிக்க முன்வந்தது; தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

அறிவியல் பக்கம் முடிச்சு அவிழவில்லை. 2019-ல் ஒரு தொகுப்பாய்வு மிக அதிகம் தெளித்தவர்களுக்கு லிம்போமா வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல் என்றது. அதன் ஆசிரியர்களில் மூவர் அமெரிக்க முகமையின் 2016 ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள். 41 என்ற எண் செய்தித்தாளில் பயமுறுத்தும். அமெரிக்காவில் வாழ்நாளில் இந்த லிம்போமா வரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். 41 கூட்டினால் 2.8. அதே ஆண்டு பிரான்ஸ், நார்வே, அமெரிக்கா மூன்றிலும் 3,16,270 விவசாயிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் மொத்த லிம்போமாவுக்குத் தொடர்பில்லை, ஒரு துணைவகைக்கு மட்டும் 1.36 மடங்கு, அதுவும் விளிம்பில். ஜூன் 2022-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சுற்றுச்சூழல் முகமை தன் சொந்த வழிகாட்டு நெறியைப் பின்பற்றவில்லை என்று கூறி, கிளைபோசேட் பற்றிய அதன் 2020 முடிவின் மனித நலப் பகுதியை ரத்து செய்தது. நவம்பர் 2023-ல் ஐரோப்பா டிசம்பர் 2033 வரை அனுமதியைப் புதுப்பித்தது. 2025 கடைசியில், அந்த 2000-ம் ஆண்டு மதிப்பாய்வுக் கட்டுரையை ஆய்விதழே திரும்பப் பெற்றது. 25 ஆண்டு கழித்து.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. இலங்கை 2015-ல் கிளைபோசேட்டைத் தடை செய்ததை இந்தப் புற்றுநோய் விவாதத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தத் தடைக்குக் காரணம் வட மத்திய மாகாண நெல் விவசாயிகளின் சிறுநீரக நோய் பற்றிய சந்தேகம். அது வேறு வழக்கு, வேறு சான்று. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018-ல் விலக்கு கொடுத்ததும் களையெடுக்க ஆள் கிடைக்காத பிரச்சினையால்.

மாற்ற வேண்டியவையும் மாறியவையும்

நனைந்த நாளை அளந்திருக்க வேண்டும். கிளைபோசேட் உடலில் தங்குவதில்லை, சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். விபத்தன்றும் மறுநாளும் பிடித்த சிறுநீர் மாதிரி, எத்தனை மில்லி எத்தனை சதவீதம் என்ற ஊகங்களை ஒரே எண்ணாக்கியிருக்கும். விபத்துப் பதிவேட்டில் தேதி, கலவை விகிதம், உடலில் நனைந்த இடம், நனைந்த உடையோடு இருந்த நிமிடம், கழுவிய நேரம் இவ்வளவும் எழுதினால் போதும். நான்கு ஆண்டு கழித்து நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருக்காது.

கருவியில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. குழாய் பிய்ந்ததும் ஆள் ஓடிப்போய் மருந்தில் நின்று நிறுத்த நேர்வது, அடைப்பான் தவறான இடத்தில் இருப்பதால். டேங்கின் வாயிலேயே கால்வாசி திருப்பினால் மூடும் ஒரு வால்வும், ஓட்டுநர் எட்டும் இடத்தில் பம்பின் சுவிட்சும் வேண்டும். குழாய் இணைப்பில் திருகுக் கிளாம்ப் இரண்டு. வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரை முழு அழுத்தத்தில் ஓட்டிக் கசிவு பார்க்க வேண்டும். காற்று கலந்து பெரிய துளி தரும் நாசிலைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் சாரல் பறப்பது வெகுவாகக் குறையும். காற்று மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டினால் அடிக்கக் கூடாது. சுத்தமாக அசையாத காற்றிலும் கூடாது, ஏனென்றால் அதிகாலையில் நுண்துளி கீழேயே மிதந்து எங்கேயோ போய் இறங்கும். பள்ளிகளில் தெளிப்பது அந்த வேளையில்தான்.

உடையில், கேனைத் திறந்து ஊற்றும்போது நைட்ரைல் கையுறை, முகத்திரை, நீர் புகாத ஏப்ரன். கலக்கும்போதுதான் கையில் படுவது 41 சதவீதச் சரக்கு. தெளிக்கும்போது அது 1 சதவீதத்துக்கும் கீழே. முன்னெச்சரிக்கையைப் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியில் 20 லிட்டர் நல்ல தண்ணீரும் மாற்று உடையும் இருக்க வேண்டும். நனைந்தால் வேலையை முடித்துவிட்டுக் கழுவலாம் என்று நிற்காமல், அங்கேயே உடையைக் கழற்றி 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். இந்தியாவில் அக்டோபர் 2022 ஆணை கிளைபோசேட் தெளிப்பைப் பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது. இந்த நிகழ்வின் பணியாளரும் பயிற்சி பெற்று வேலைக்கென்றே தெளித்தவர்தான். பிய்ந்த குழாய்க்கு அது தெரியாது.

மதிப்பீட்டில் மாற வேண்டியது கலவையைச் சோதிப்பது. விற்பது கலவை, நனைவது கலவையில். இரண்டு ஆண்டு எலி ஆய்வு மட்டும் தூய பொருளில் என்பது நெடுநாள் நழுவல். ஐரோப்பா 2016-ல் கிளைபோசேட் கலவைகளில் கொழுப்பு அமீன் வகைச் சோப்புப் பொருளை விலக்கியது இதில் ஒரு படி. கலவைகளையும் சேர்த்து எலிகளுக்குக் கருவிலிருந்தே கொடுத்துப் பார்த்த ஓர் இத்தாலிய ஆய்வு ஜூன் 2025-ல் வெளியாகி, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அளவிலிருந்தே ரத்தப்புற்று உள்ளிட்ட கட்டிகள் தெரிந்ததாகச் சொல்கிறது. ஐரோப்பா மனிதருக்கு நாளொன்றுக்கு ஏற்கத்தக்கது என்று 2015-ல் வைத்த உணவு வரம்பும் 0.5 தான்.

உண்மையில் மாறியது ஒன்று உண்டு. வழக்குச் செலவைத் தவிர்க்க, அமெரிக்க வீட்டுத் தோட்டச் சந்தைக்கான ரவுண்டப்பிலிருந்து 2023 முதல் கிளைபோசேட்டை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பெயரும் சின்னமும் அப்படியே. உள்ளே டிரைகுளோபைர், ஃபுளூவாசிஃபோப், டைகுவாட் போன்றவை. விழுங்கினால் உடனே கொல்லும் திறனில் டைகுவாட் கிளைபோசேட்டைப்போல் பல மடங்கு.